முதியவர் மீது கொடுமை நடக்கிறதா? வீட்டிலும் வார்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போகும் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், ஹோம் நர்ஸ், முதியோர் இல்ல ஊழியர், ஆஸ்பத்திரி வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவர்களுடைய அக்கறையில் குறையே சொல்ல முடியாது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பாட்டியின் கையில் காயத்தைப் பார்த்ததும் மருமகளிடம் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் போனால், "பாட்டி தூங்குறாங்க, அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே பதில் வரும். அதோடு அந்தப் பாட்டியைப் பார்க்கிற வெளி ஆள் ஒருவரும் இல்லாமல் போகிறார்கள்.

அதனால் கீழே உள்ள படிகளின் வரிசை ஒரு கேள்வியை வைத்து அமைந்தது: நாளைக்கும் இந்த வீட்டுக்குள் நம்மை விடுவார்களா? உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தக் கேள்வியை ஒதுக்கி வைக்கலாம். அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பக்க எண் போட்ட ஒரு நோட்டு, அளவு நாடா, முன்புறமும் பின்புறமும் வரைந்த மனித உருவப் படம் (காயம் எங்கே என்று குறிக்க), சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் கருவி, உங்கள் அடையாள அட்டை. பக்க எண் எதற்கு என்றால், பிறகு தாள் கிழிக்கப்பட்டதாகவோ இடையில் சேர்க்கப்பட்டதாகவோ யாரும் சொல்லக் கூடாது.

போனில் இந்த எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 112 அல்லது 100, முதியோர் உதவி எண் 14567 (காலை 8 முதல் இரவு 8 வரை), பெண்களுக்கான உதவி எண் 181, இலவச சட்ட உதவி 15100. மலையோரத்தில், பேச்சிப்பாறைக்கு மேலே, சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அங்கே போவதற்கு முன் போன் எடுபடும் இடத்தைத் தெரிந்து வையுங்கள்.

அந்த வீடு எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை என்றால் நாகர்கோவில் கோட்டம். கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்றால் பத்மநாபபுரம் கோட்டம். ஒன்பதாம் படியில் சொல்லும் மனு எங்கே போக வேண்டும் என்பது இதை வைத்துத்தான். அவசரத்தில் தவறான அலுவலகத்தில் கொடுத்தால் நாட்கள் வீணாகும்.

2. எவையெல்லாம் கொடுமை

அடிப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். நம்பி இருக்கும் உறவில், ஒரு செயலாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதாலோ, முதியவருக்குத் தீங்கு அல்லது மன வேதனை வந்தால் அது கொடுமை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடி, திட்டு, மிரட்டல், பாலியல் தொல்லை, பணம் பறிப்பு, கவனிக்காமல் விடுவது எல்லாம் இதில் அடக்கம். 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் இவற்றில் ஏதோ ஒன்றை அனுபவித்திருக்கிறார் என்பது அந்த நிறுவனம் தரும் உலக அளவிலான கணக்கு. நீங்கள் ஒரு நாளில் பார்க்கும் வீடுகளோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

3. முதியவரைத் தனியாகப் பார்ப்பது

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது நடக்க வேண்டும். மகனோ மருமகளோ பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பாட்டாவும் (தாத்தாவும்) உண்மை சொல்ல மாட்டார். "ஒண்ணும் இல்ல மக்களே, நாந்தான் வழுக்கி விழுந்தேன்" என்பதுதான் வரும்.

தனியாக விடச் சொல்லிக் கேட்டால் சந்தேகம் வரும். வேலையையே காரணமாக்குங்கள். "டிரெஸ்ஸிங் மாத்தணும், கொஞ்சம் வெந்நீர் போட்டுத் தாங்க அக்கா" என்று சொல்லலாம். பிசியோதெரபி என்றால் முற்றம் வரை நடத்திக் கூட்டிப் போகலாம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு நீங்களே தள்ளுநாற்காலியில் தள்ளிக்கொண்டு போகலாம். முதல் முறையிலிருந்தே எல்லா வீட்டிலும் பத்து நிமிடம் தனியாகப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டால், சந்தேகம் வந்த வீட்டில் மட்டும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்காது.

எப்போதும் ஒருவர் பக்கத்தை விட்டு நகராமல், கேட்ட கேள்விக்கெல்லாம் முதியவருக்குப் பதிலாக அவரே பதில் சொன்னால், அதையும் நோட்டில் எழுதுங்கள். விளவங்கோடு பக்கம் சில முதியவர்களுக்கு மலையாளம்தான் சரளம். அங்கே வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், மொழி தெரிந்த சக ஊழியரைக் கூட்டிப் போங்கள்.

4. உடம்பு, படுக்கை, மாத்திரை டப்பா

இந்த வரிசையிலேயே பாருங்கள். உடம்பைப் பார்ப்பது வழக்கமான பரிசோதனை என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்குள் கண்ணும் மூக்கும் மற்றதைப் பார்த்துவிடும்.

தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், முன்கை, கணுக்கால் பகுதியில் அடிபடும். காது, கழுத்து, கன்னம், மேற்கையின் உள்பக்கம், முதுகு, தொடையின் உள்பக்கம் இவற்றில் கன்றிப்போயிருந்தால் நின்று யோசியுங்கள். இரண்டு மேற்கையிலும் ஒரே மாதிரி விரல் தடம் இருந்தால் யாரோ பிடித்து உலுக்கியிருக்கலாம். மணிக்கட்டையோ கணுக்காலையோ சுற்றித் தடம் இருந்தால் தோர்த்தால் (துண்டால்) கட்டிலோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வட்டமான சிறு தீக்காயம், நடு மண்டையில் பிடுங்கினாற்போல் முடி இல்லாத இடம் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

புதியவர்கள் இங்கே இரண்டு வகையில் தவறுகிறார்கள். முதலாவது, கன்றிய நிறத்தை வைத்து "இது மூணு நாள் பழசு" என்று எழுதுவது. நிறத்தை வைத்து நாளைச் சரியாகச் சொல்ல முடியாது. நிறத்தை மட்டும் எழுதுங்கள், நாளை எழுதாதீர்கள். இரண்டாவது, எல்லாக் கன்றலையும் அடி என்று முடிவு கட்டுவது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு லேசாகப் பட்டாலே கன்றும். வயதான தோலில் முன்கையிலும் புறங்கையிலும் ஊதா நிறத் திட்டு தானாகவே வரும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குத் தோல் தாள் மாதிரி கிழியும். அதனால் மருந்துச் சீட்டைப் பார்க்காமல் காயத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

அடுத்து படுக்கைப்புண். இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பெலும்பின் பக்கம் ஆகிய மூன்று இடத்தையும் திருப்பிப் பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் புண் வரும். எனவே புண் இருக்கிறதா என்பதை விட, புண்ணைப் பார்த்த வீட்டார் என்ன செய்தார்கள் என்பதே முக்கியம். டிரெஸ்ஸிங் போட்டிருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னோமே, செய்தார்களா? யாரையாவது கூப்பிட்டார்களா? காய்ந்துபோன மூத்திர வாடை, நீளமான நகம், ஒட்டிப்போன பழைய டிரெஸ்ஸிங், கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தால் அங்கே கவனிப்பு நின்றுவிட்டது.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று தோலைக் கிள்ளிப் பார்ப்பதை முதியவர்களிடம் நம்பாதீர்கள். அந்த வயதில் தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும். நாக்கும் வாயும் காய்ந்திருக்கிறதா, மூத்திரம் எத்தனை முறை போனார் என்று பாருங்கள். அடிக்கடி துணி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு, வார்டுகளும் உண்டு.

அப்புறம் மாத்திரை டப்பா. ஒரு மாதத்துக்குக் கொடுத்த மாத்திரையில் எத்தனை மீதி என்று எண்ணுங்கள். இருபது நாள் கழித்தும் சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏன் 400 காட்டுகிறது என்பது புரிந்துவிடும். தூக்க மாத்திரை மட்டும் சீக்கிரம் தீர்ந்திருந்தால், பகலில் அவர் எழுப்ப முடியாமல் கிடப்பதன் காரணம் அதுவாக இருக்கலாம்.

பாலியல் கொடுமையைப் புதியவர்கள் நினைத்தே பார்ப்பதில்லை. வயதானவருக்கு அது நடக்காது என்ற எண்ணம் தவறு. உள்ளாடையில் ரத்தம், பிறப்புறுப்பில் காயம், குளிப்பாட்டத் தொட்டதும் திடீர் நடுக்கம் ஆகியவை தெரிந்தால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்க விடாதீர்கள். துணியை பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வைத்து, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

5. கேட்கும் முறை

தனியாக இருக்கும்போது, சாதாரணமான விஷயத்தில் தொடங்குங்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய பாட்டி?" "மாத்திரை யாரு எடுத்துத் தருவா?" "பென்ஷன் காசு யாரு வாங்கிட்டு வருவா?" அதற்குப் பிறகு, "வீட்டுல யாரையாவது பாத்தா பயமா இருக்கா?" கடைசியாகத்தான் நேர்க் கேள்வி: "யாராவது கை வச்சாங்களா?"

"உங்க மகன் அடிச்சானா?" என்று பேர் சொல்லிக் கேட்காதீர்கள். தாய் மகனை விட்டுக் கொடுக்க மாட்டாள், அத்தோடு பேச்சு நின்றுவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். "உங்ககிட்ட கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன்" என்றால் அதை உங்களால் காப்பாற்ற முடியும்.

மறதி நோய் உள்ளவர் "என் வளையலை எடுத்துட்டா" என்று சொல்வது அந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். மறதி என்று தள்ளிவிடாமல், சொன்னதைச் சொன்னபடி எழுதி, வேறு நாளில், வேறு நேரத்தில் மறுபடி கேட்டுப் பாருங்கள். சொல் மாறினாலும் பயம் மாறாமல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது, மாதாமாதம் முதியோர் உதவித்தொகை கைக்கு வருகிறதா, அண்மையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்களா, எதிலாவது கைநாட்டு வாங்கினார்களா? இங்கே ஐந்து சென்ட் இடத்துக்குக்கூடப் பெரிய மதிப்பு. வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு கவனிப்பு திடீரென்று மாறியிருந்தால், எழுதிக் கொடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. இன்றே செயல்பட வேண்டுமா?

எலும்பு முறிவு, தலையில் அடி, மயக்கம், உணவும் நீரும் மறுக்கப்பட்ட நிலை, பூட்டி வைத்திருப்பது, பாலியல் தாக்குதல், "கொன்னுடுவேன்" என்ற மிரட்டல், "நான் செத்துப்போறேன்" என்று முதியவரே சொல்வது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கதவு நாளைக்குத் திறக்குமா என்ற கவலை இப்போது வேண்டாம்.

ஆனால் இதிலும் ஒரு முறை உண்டு. வீட்டாரிடம் குற்றம் சொல்லாமல், "பிரஷர் ரொம்பக் கூடிப்போச்சு, இப்பவே காட்டணும்" என்று 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கூட்டிப் போவதை அநேகமாக யாரும் தடுப்பதில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தக்கலை அரசு மருத்துவமனையோ போய்ச் சேர்ந்ததும், பணியில் இருக்கும் டாக்டரிடம் நீங்கள் பார்த்ததைத் தனியாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். ஏ.ஆர். என்ட்ரி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இந்தப் பதிவு இல்லாமல் வார்டுக்குப் போய்விட்டால், பின்னால் போலீசில் காட்ட ஒன்றும் இருக்காது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள் முக்கியம். எங்கே போகிறார், யார் பார்த்துக்கொள்வார் என்று முடிவாகாமல் அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் செய்த வேலை எல்லாம் பாழ்.

7. எழுதி வைப்பது

வீட்டாரிடம் பேசுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். பேசிய பிறகு எழுதினால் அவர்கள் சொன்ன விளக்கம் உங்கள் எழுத்தில் கலந்துவிடும்.

தேதி, நேரம், உடன் இருந்தவர், காயத்தின் இடம், நீள அகலம் சென்டிமீட்டரில், நிறம். முதியவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "மகன் அடித்தார்" என்று எழுதாமல், "'மவன் கம்பால அடிச்சான்' என்று சொன்னார்" என்று எழுதுங்கள். நீங்கள் கண்டது வேறு, கேட்டது வேறு, நினைத்தது வேறு. மூன்றும் மூன்று பத்தியில் இருக்கட்டும்.

படம் எடுக்க முதியவரின் சம்மதம் வேண்டும். எடுத்த படத்தை வாட்ஸாப் குழுவில் போடவே கூடாது. நம் ஊர்களில் காலையில் போட்ட படம் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கே வந்துவிடும். மேற்பார்வையாளர் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள்.

8. வீட்டாரிடம் பேசுவது

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணவன் வளைகுடாவில், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், படுக்கையில் மாமியார், உதவிக்கு ஒருவரும் இல்லை. அந்த மருமகள் பகல் முழுக்க ஒற்றையாக ஓடுகிறாள். அவள் துணி மாற்றத் தாமதித்ததும், குடித்துவிட்டு வந்து பென்ஷன் பணத்துக்காகத் தாயை மிதிக்கும் மகன் செய்வதும் ஒன்று அல்ல. இரண்டிலும் முதியவருக்குத் தீங்குதான். ஆனால் முதலாவது வீட்டுக்கு உதவி வேண்டும்: திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக் கொடுப்பது, வீட்டுக்கே வரும் வலிநிவாரணக் குழுவோடு இணைப்பது, வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஆள் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. இரண்டாவது வீட்டுக்குச் சட்டம் வேண்டும். முதல் வீட்டில் போலீசைக் கூட்டி வந்தும், இரண்டாவது வீட்டில் புத்திமதி சொல்லியும் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வகை வீட்டில், "உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம் அக்கா, ராத்திரி தூங்க முடியுதா?" என்று தொடங்குங்கள். பாதிப் பிரச்சினையை அவர்களே சொல்வார்கள். இரண்டாவது வகை வீட்டில் முதியவர் பாதுகாப்பாக இருக்கும் வரை குற்றச்சாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அடி அவருக்குத்தான் விழும்.

கடற்கரை ஊர்களில் குடும்பப் பிரச்சினை பங்குத்தந்தையிடமோ ஊர் கமிட்டியிடமோ போவது வழக்கம். தூத்தூர் பக்கம் மகன் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான், அதுவரை அன்பியத்துப் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழு) பெண்களை வைத்துச் சாப்பாட்டுக்கு வழி செய்யலாம். நல்ல துணைதான். ஆனால் முதியவரைக் கேட்காமல் அங்கே கொண்டு போகாதீர்கள், அடிதடி இருந்தால் சமரசத்தோடு முடித்துவிடாதீர்கள்.

9. எங்கே சொல்வது

முதலில் முதியவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். தெளிவான நினைவோடு "புகார் வேண்டாம்" என்று சொன்னால், உயிராபத்து இல்லாதவரை அதை மதித்து, அடிக்கடி போய்ப் பாருங்கள். வேண்டாம் என்றவர்களில் பலர் பின்னால் சம்மதிப்பார்கள்.

பராமரிப்பும் பணமும் என்றால்: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் கீழ் கோட்ட அளவில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு. நாகர்கோவில் கோட்டத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர், பத்மநாபபுரம் கோட்டத்துக்கு சார் ஆட்சியர். முதியவரால் போக முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ அமைப்போ மனு செய்யலாம். வக்கீல் தேவையில்லை. எதிர்த்தரப்பின் கையில் நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 30 நாள். அதுவரை இடைக்காலப் பராமரிப்பும் கேட்கலாம், மனுவிலேயே அதை எழுதிவிடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். பிள்ளை சென்னையில் இருந்தாலும் முதியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் சட்டம் பொருந்தும். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது தனக்குப் பின் அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம்.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. மனுவுக்கு முன் பத்திர நகலை எடுத்து, "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். அந்த நிபந்தனை அவசியம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. பத்திரத்தில் நிபந்தனை இல்லாவிட்டால் மனுவை எழுதுவதற்கு முன் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள்.

அடி, மிரட்டல், பூட்டி வைத்தல் என்றால் காவல் நிலையம். முதியவரை எங்காவது கைவிட்டு வருவது அதே 2007 சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரிடமும் போகலாம். மருமகளுக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டில் வாழும் தாய்க்கும் மாமியாருக்கும் அது உண்டு.

10. செய்கிறவர் நம் சக ஊழியர் என்றால்

இதுதான் எல்லோரும் மௌனமாகும் இடம். கட்டிலில் கட்டி வைப்பது, இரவு ஷிப்டில் தூக்க மாத்திரை கூடுதலாகக் கொடுப்பது, டயப்பரை நாள் முழுக்க மாற்றாமல் விடுவது, "ஏ கிழவி" என்று கூப்பிடுவது. ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்வார்கள். பற்றாக்குறை உண்மைதான், அதையும் எழுதுங்கள். ஆனால் கட்டியதையும் எழுதுங்கள்.

முதலில் வார்டு பொறுப்பாளரிடமோ இல்ல நிர்வாகியிடமோ எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது மறுநாள் சொல்லாததாகிவிடும். பதில் இல்லை என்றால் முதியோர் இல்லத்துக்கு மாவட்ட சமூகநல அலுவலகம், ஆஸ்பத்திரிக்கு அதன் கண்காணிப்பாளர். ஹோம் நர்ஸ் மேல் சந்தேகம் என்றால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேமராவை மட்டும் நம்ப வேண்டாம். நேரம் சொல்லாமல் போய் எட்டிப் பார்க்கும் ஒரு உறவினரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

11. மனு கொடுத்த பிறகு

நோட்டீஸ் பிள்ளையின் கைக்கு வரும் வாரம் முதியவருக்கு மிகவும் ஆபத்தானது. புதியவர்கள் மனு கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாரம் இரண்டு முறையாவது போங்கள். ஒரு முறை நேரம் சொல்லாமல் போங்கள். கடற்கரையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகளுக்கு நடுவே வீடு தனியாக இருந்தால், விடியற்காலையில் பால் வெட்ட வருகிறவர் போன்ற ஒருவரிடம் முதியவரின் சம்மதத்தோடு உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

ஏ.டி.எம். கார்டு வேறு கையில் இருந்தால் வங்கியில் சொல்லி முடக்கி, புதிய கார்டு வாங்க முதியவரோடு நீங்களோ நம்பகமான உறவினரோ போங்கள். விசாரணை நாளில் வாகனம், மாத்திரை, சாப்பாடு, கழிப்பறை வசதி எல்லாவற்றையும் முதல் நாளே யோசித்து வையுங்கள். வர முடியாமல் போனதால் தள்ளிப்போகும் மனுக்கள் நிறைய.

நீங்கள் மாற்றலாகிப் போவதாக இருந்தால் நோட்டை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அடுத்து வருகிறவரை அந்த வீட்டுக்கு நேரில் கூட்டிப் போய், கடைசியாக அளந்த காயத்தை இருவருமாக அளந்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள்.